‘விண்ட்’ என்ற ஒரே சொல்லில் இத்தனை ஆங்கிலச் சொற்றொடர்களா? எப்படி நினைவில் வைப்பது?

தம்பி, உன் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். தங்கச்சிமடத்தில் இருந்துகொண்டு மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கிறாய். ‘விண்ட்’, அதாவது காற்று, என்ற ஒரே சொல்லை வைத்து ஆங்கிலத்தில் இருபது சொற்றொடர் இருக்கிறது, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தமே இல்லை, மனப்பாடம் செய்தால் நான்காம் நாள் மறந்துபோகிறது. அதிலும் ‘த்ரீ ஷீட்ஸ் டு த விண்ட்’ என்றால் குடிபோதையில் இருப்பவன் என்று போட்டிருக்கிறார்களே, அது எப்படி என்று கேட்டிருக்கிறாய். போகிறபோக்கில் உன் தாத்தா பாய் வத்தை, அதாவது பாய்மரப் படகு, ஓட்டியவர் என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறாய். அந்த வரியில்தான் உன் கேள்விக்குப் பதிலே இருக்கிறது.

மண்டபத்தில் 29 வருடம் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவன் நான், என் மாணவர்கள் வயதுதான் உனக்கு, அதனால் உரிமையோடு சொல்கிறேன்: பட்டியலைத் தூக்கி ஓரமாக வை. இந்தச் சொற்றொடர்களில் பல பாய் கட்டிக் கடலில் போனவர்கள் பேச்சிலிருந்து வந்தவை. பெரிய ஊர்ப் பயிற்சி மையத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு அது வெறும் சொல். உனக்கு அப்படி இல்லை, நீ காற்று பார்க்கிற வீட்டில் பிறந்தவன்.

‘த்ரீ ஷீட்ஸ்’ஸையே எடுத்துக்கொள்வோம். இதில் எல்லாரும் சறுக்குவது ‘ஷீட்’ என்ற சொல்லில். பெட்ஷீட், தகர ஷீட் என்று பழகிய நமக்கு ஷீட் என்றால் விரித்துப் போடுகிற ஏதோ ஒன்று, அதனால் பாய் என்று நினைத்துக்கொள்கிறோம். நான் பார்த்த ஒரு வழிகாட்டிப் புத்தகத்தில் ‘மூன்று துணிகள் காற்றில் பறப்பது போல’ என்றே அச்சாகியிருந்தது. கப்பல்காரனுக்கு ஷீட் என்பது கயிறு. பாயின் கீழ் முனையில் கட்டி, இழுத்துப் பிடித்து, பாய் காற்றை எவ்வளவு வாங்க வேண்டும் என்று கட்டுப்படுத்துகிற கயிறு. அந்தக் கயிறு கைவிட்டுப் போனால் என்ன ஆகும்?

எனக்குத் தெரியும். பத்து வயதில் ஒருநாள் மண்டபம் தென்கடலில் முயல் தீவுப் பக்கம் அப்பாவோடு போனபோது, அந்தக் கயிற்றைக் கட்டையில் ஒரு சுற்று போட்டு என் கையில் கொடுத்து, விடாதே என்று சொல்லிவிட்டு அவர் அணியத்துக்கு, படகின் முன்பக்கத்துக்கு, போனார். கயிறு நனைந்து ஊறிப்போய் இருந்தது. காற்று ஒரு தூக்குத் தூக்கியதும் கட்டையில் போட்ட சுற்று அவிழ்ந்து, உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு கயிறு போய்விட்டது. அடுத்த நொடி பாய் படபடவென்று அறைந்துகொள்கிறது, கயிற்றின் நுனி சாட்டை மாதிரி தலைக்கு மேல் வீசுகிறது, படகு முன்னே போவதை விட்டுவிட்டு இந்தப் பக்கம் ஒரு சாய்வு, அந்தப் பக்கம் ஒரு சாய்வு, அமரத்தில், அதாவது பின்பக்கத்தில், சுக்கான் பிடித்திருந்த சித்தப்பா எவ்வளவு திருப்பியும் படகு சொன்னபடி கேட்கவில்லை. அப்பா தாவி வந்து கயிற்றைப் பிடித்து இழுத்த பிறகுதான் பாய் விடைத்தது, படகு நேரானது.

கல்லூரியில் இந்தச் சொற்றொடரை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு அகராதி தேவைப்படவில்லை. ஒரு கயிறு போனதற்கே அந்தத் தள்ளாட்டம். மூன்று கயிறு போனால்? சாராயக் கடையிலிருந்து வெளியே வருகிறவன் நடைதான் அது. லேசாக ஏறியிருந்தால் ‘ஒரு ஷீட்’ என்று சொல்கிற பழக்கமும் மாலுமிகளிடம் இருந்தது. 1821இல் அச்சான ஒரு லண்டன் புத்தகத்தில் இது ‘த்ரீ ஷீட்ஸ் இன் த விண்ட்’ என்று வருகிறது, ‘இன்’ இருந்த இடத்தில் ‘டு’ பின்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. தேர்வில் இரண்டில் எது வந்தாலும் பொருள் ஒன்றுதான்.

அடுத்தது ‘டேக் த விண்ட் அவுட் ஆஃப் ஹிஸ் செயில்ஸ்’. இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் தொண்டிப் பக்கம் போ, அந்தக் கரையோர ஊர்களில் திருவிழாவை ஒட்டி இன்றைக்கும் பாய்மரப் படகுப் போட்டி நடக்கிறது. முந்துகிற படகு காற்று வரும் பக்கமாக ஏறி வந்து இன்னொரு படகை மறைத்தால், மறைபட்ட படகின் பாய் துவண்டு தொங்கும். யாரும் அதைத் தொடவில்லை, கயிறு எதுவும் அறவில்லை, ஆனாலும் ஓட்டம் போய்விடும். வேகமாக வந்தவனின் வேகத்தை எதிராளி முந்திக்கொண்டு இல்லாமல் ஆக்கிவிடுவதற்குத்தான் இந்தச் சொற்றொடர். எடையில் ஏமாற்றிவிட்டான் என்று கொதித்துக்கொண்டு மீன் ஏலக் கூடத்துக்கு ஒருவர் வருகிறார், வாயைத் திறப்பதற்குள் வியாபாரி, ‘அண்ணே, நேத்து எடை குறைஞ்சது உண்மைதான், இந்தாங்க பாக்கி’ என்று காசை நீட்டிவிட்டால் வந்தவருக்கு என்ன பேச முடியும்? நாமும் இதைப் ‘புஸ்ஸென்று போய்விட்டது’ என்கிறோம், அதிலும் போவது காற்றுதான்.

‘செயில் க்ளோஸ் டு த விண்ட்’ கொஞ்சம் நுட்பமானது. காற்று வரும் திசைக்கு நேராக எந்தப் பாயும் படகைக் கொண்டுபோகாது, ஒரு கோணத்துக்கு மேல் நெருங்கினால் பாய் நடுங்க ஆரம்பித்துவிடும். அந்தக் காலத்து ஐரோப்பியச் சதுரப் பாய்க் கப்பல்களுக்கு அந்தக் கோணம் சுமார் 67 பாகை. படகின் நீளவாக்கில் கட்டுகிற பாய்க்கு இன்னும் நெருங்க முடியும், அதற்கும் எல்லை உண்டு. சீக்கிரம் போய்ச் சேர ஆசைப்படுகிற தண்டையல், அதாவது படகின் தலைவன், அந்த எல்லையை உரசிக்கொண்டே போவான், இம்மி தப்பினால் படகு நின்றுவிடும், காற்று பலமாக இருந்தால் கவிழவும் கவிழும். சட்டத்தை மீறாமல் ஆனால் அதன் ஓரத்தை உரசிக்கொண்டே காரியம் பார்க்கிறவனுக்கு இதைச் சொல்வார்கள். விசைப்படகுக்குத் தடை உள்ள கரையோர எல்லைக்கு வெளியே, ஆனால் அதை ஒட்டி ஒட்டியே மடிவலை இழுக்கிறவர்களை உனக்குத் தெரியுமே, அதேதான். சட்டத்தை மீறியவன் என்று விடை கொடுத்திருந்தால் அது தப்பு, மீறும் அளவுக்கு நெருங்கியவன் என்பதுதான் சரி.

சொல்லில் ‘விண்ட்’ இல்லாமலே உள்ளுக்குள் காற்றை வைத்திருக்கும் இரண்டையும் சொல்லிவிடுகிறேன், உன் பட்டியலில் இவை இருக்காது, ஆனால் எனக்கு மிகவும் பிடித்தவை. ‘பை அண்ட் லார்ஜ்’ என்று செய்தித்தாளில் தினமும் வருகிறது, ‘மொத்தத்தில், பொதுவாக’ என்று பொருள். ‘பை’ என்றால் காற்றை நெருங்கி எதிர்த்தாற்போல் ஓடுவது, ‘லார்ஜ்’ என்றால் காற்று பின்பக்கமாக வர ஓடுவது. இரண்டு விதமாகவும் நன்றாக ஓடுகிற கப்பல் எல்லா நிலைக்கும் ஏற்ற கப்பல், அதிலிருந்து பொதுவாக என்ற பொருள் வந்தது. 1669இலேயே மாலுமிகளுக்கான நூலில் இது அச்சேறியிருக்கிறது. இன்னொன்று ‘டேக்கன் அபேக்’. காற்று திடீரென்று முன்பக்கம் திரும்பி அடித்து, பாய் பாய்மரத்தோடு அப்பிக்கொண்டு, ஓடிக்கொண்டிருந்த கப்பல் அப்படியே நின்றுபோவது. நம் பேச்சில் ‘ஆளு ஆடிப்போயிட்டாரு’ என்போமே, அந்தத் திகைப்பு.

சரி, ‘இட்ஸ் அன் இல் விண்ட் தட் ப்ளோஸ் நோபடி எனி குட்’. தேர்வில் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது இதுதான். மேலோட்டமாகப் படித்தால் ‘இது யாருக்கும் நன்மை தராத கெட்ட காற்று’ என்று தோன்றும், விடைகளில் அப்படி ஒன்றைக் கண்டிப்பாக வைத்திருப்பார்கள். பொருள் நேர் எதிர்: ஒருவருக்கும் ஒரு நன்மையும் தராத காற்று என்றால் அது மகா கெட்ட காற்றாகத்தான் இருக்க வேண்டும், அப்படி ஒரு காற்று கிடையாது, எந்தக் கெடுதலிலும் யாராவது ஒருவருக்கு நன்மை இருக்கும். 1546இல் ஜான் ஹேவுட் தொகுத்த ஆங்கிலப் பழமொழிகளிலேயே இது இருக்கிறது.

இதற்கு நம் ஊரை விடப் பொருத்தமான உதாரணம் இங்கிலாந்தில்கூடக் கிடைக்காது. வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கச்சான், தெற்கிலிருந்து சோழகம் என்று காற்றுக்குப் பேர் வைத்துக் கூப்பிடுகிற சனம் நாம். ஐப்பசி தாண்டி வாடை எழும்பினால் பாக் நீரிணைப் பக்கம், அதாவது வடகடல், கொந்தளித்துக் கிடக்கும், அதே நாளில் மன்னார் வளைகுடாப் பக்கம், தென்கடல், தொழிலுக்குத் தோதாக இருக்கும். ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று ஏறினால் நிலைமை தலைகீழ். நடுவில் இருப்பது மண்டபமும் பாம்பனும் இராமேசுவரமும் இருக்கிற ஒரு ஒல்லியான நிலம். அதில் ஒரு கரைக்காரன் வலையை மடித்து வைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, மறு கரையில் மீன் விலை ஏறிக்கொண்டிருக்கும். காற்று கொந்தளித்து ஓய்ந்த மறுநாள் கரையில் ஒதுங்கிய பாசியைப் பொறுக்க வரும் பெண்களையும் நினைத்துப் பார். ‘இல் விண்ட்’ என்று கேள்வியில் பார்த்ததும் வடகடல் தென்கடல் என்று மனதில் வரட்டும், தவறாது.

‘ஸ்ட்ரா இன் த விண்ட்’ என்றால் பின்னால் பெரிதாக வரப்போவதை முன்கூட்டிக் காட்டுகிற சின்ன அறிகுறி. ஒரு வைக்கோலைத் தூக்கிப் போட்டால் காற்று எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். நமக்கு வைக்கோல் வேண்டாம், பாம்பன் துறைமுகத்தில் 1ஆம் எண் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்றால் போதும், தூரத்தில் எங்கேயோ ஏதோ உருவாகிறது என்று அர்த்தம், இங்கே இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருந்தாலும் நங்கூரம் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். ‘சீ விச் வே த விண்ட் ப்ளோஸ்’ என்பதும் இதன் தம்பிதான், நிலைமை எப்படிப் போகிறது என்று பார்த்து முடிவெடுப்பது.

இதுவரை சொன்ன காற்றைக் கண்ணும் உடம்பும் உணரும். இப்போது மூக்குக்கு வருவோம், ஏனென்றால் ‘கெட் விண்ட் ஆஃப்’ என்பதைப் பாயோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதே. இது வேட்டைக்காரர்கள் பேச்சு. ஆள் வரும் பக்கமிருந்து காற்று அடித்தால் மானுக்கு வாசனை போய்விடும், அது ஓடிவிடும். ரகசியமாக வைத்திருந்த விஷயம் எப்படியோ காதுக்கு எட்டிவிட்டது என்பதற்கு இதைச் சொல்கிறார்கள். இதை மறக்காமல் இருக்கத் தமிழே ஒரு வழி வைத்திருக்கிறது: வாடை என்ற சொல்லைப் பார். வடக்கிலிருந்து வரும் காற்றும் வாடை, கருவாட்டுக் குவியலிலிருந்து வருவதும் வாடை. காற்றுக்கும் மணத்துக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு தினமும் பேசுகிறவனுக்கு ‘கெட் விண்ட் ஆஃப்’ புரியாமல் போக வழியே இல்லை.

அப்புறம் மூச்சு. ஆங்கிலத்தில் உடம்புக்குள் இருக்கிற காற்றும் ‘விண்ட்’தான். கரைவலை இழுக்கிறபோது கவனித்திருப்பாய், முதல் கால் மணி நேரத்தில் நெஞ்சு அடைக்கும், கை தளரும், இனி முடியாது என்று தோன்றும்போது மூச்சு தானாக ஒரு தாளத்துக்கு வந்துவிடும், அதன் பிறகு இழுப்பு சுலபமாகிவிடும். அதுதான் ‘செகண்ட் விண்ட்’. ஓய்ந்தவனுக்கு மறுபடி கிடைக்கும் தெம்பு. நிறுத்தாமல் நீட்டி முழக்கிப் பேசுகிறவர் ‘லாங் விண்டட்’. பால் குடித்த குழந்தையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டி ஏப்பம் விடவைப்பதற்கு இங்கிலாந்தில் ‘விண்ட் த பேபி’ என்பார்கள். ‘ப்ரேக் விண்ட்’ வாயு பிரிவது, அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

‘புட் த விண்ட் அப் ஹிம்’ என்றால் அவனைப் பயமுறுத்துவது. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் பேச்சில் பரவிய சொல். இங்கே உச்சரிப்பில் ஒரு பள்ளம் இருக்கிறது, நிதானமாகப் படி. ‘விண்ட்’ என்று சொன்னால் காற்று. அதே எழுத்துகளை ‘வைண்ட்’ என்று சொன்னால் சுற்றுவது, சுருட்டுவது, இது பிறப்பிலேயே வேறு சொல், எழுத்து மட்டும் ஒன்றாகிப்போயிற்று. ‘வைண்ட் அப்’ என்றால் கடையை, கூட்டத்தை, பேச்சை முடித்துக்கொள்வது, அல்லது கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது, ஒருவரை வேண்டுமென்றே சீண்டுவதற்கும் அதுவே. அதன் இறந்தகாலம் ‘வவுண்ட்’. அதையே ‘ஊண்ட்’ என்று வாசித்தால் காயம். காற்றிலிருந்து வந்த ‘விண்ட்’ என்ற வினைக்கோ இறந்தகாலம் ‘விண்டட்’, அடி வாங்கி மூச்சுத் திணறிப்போனான் என்று பொருள். வங்கி நேர்முகத் தேர்வுக்குப் போன என் மாணவி ஒருத்தி ‘விண்ட் அப்’ என்று சொல்லிவிட்டு வந்து அழுதாள். எழுத்தில் அவளுக்கு எல்லாம் தெரியும், வாயால் சொல்லிப் பழகவில்லை. நீ ஒவ்வொன்றையும் சத்தமாகச் சொல்லிப் படி, வீட்டில் யார் கேட்டாலும் பரவாயில்லை.

மீதியை வேகமாகப் பார்ப்போம். ‘விண்ட்ஃபால்’ காற்றுக்கு உதிர்ந்த பழம், உழைக்காமல் கிடைத்த பணம். நம் பக்கம் ஆடி, ஆவணியில் காலையில் பனைமரத்தடிக்குப் போனால் கிடைக்குமே, அது. ‘காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை’யோடு இதைச் சேர்த்துவிடாதே, அது தற்செயலைச் சொல்வது, இது லாபத்தைச் சொல்வது. கச்சா எண்ணெய் விலை ஏறி நிறுவனங்களுக்குத் திடீர் லாபம் வந்தபோது இந்திய அரசு 2022 ஜூலையில் போட்டு 2024 டிசம்பரில் எடுத்த வரிக்கும் ‘விண்ட்ஃபால் டாக்ஸ்’ என்றுதான் பெயர், பொது அறிவுத் தாளிலும் உதவும். ‘த்ரோ காஷன் டு த விண்ட்’ எச்சரிக்கையைக் காற்றில் விடுவது, உனக்கு ஏற்கெனவே தெரியும், விதிமுறைகளைக் காற்றில் பறக்கவிட்டார்கள் என்று தமிழ்ச் செய்தித்தாளிலேயே படிக்கிறாய். ‘ஸ்பிட் இன்டு த விண்ட்’ மல்லாந்து படுத்துக்கொண்டு எச்சில் துப்புகிற கதை. ‘சோ த விண்ட், ரீப் த வேர்ல்விண்ட்’ விவிலியத்தில் ஓசேயா 8ஆம் அதிகாரம் 7ஆம் வசனம், கோவிலில் கேட்டிருப்பாய், காற்றை விதைத்தவன் சூறாவளியை அறுப்பான். நம் ‘வினை விதைத்தவன் வினை அறுப்பான்’ மாதிரிதான், ஆனால் விதைத்ததை விட அறுப்பது பல மடங்கு பெரிது என்பது இதில் கூடுதல். ‘விண்ட் ஆஃப் சேஞ்ச்’ என்பதைப் பிரபலமாக்கியது 1960 பிப்ரவரி 3 அன்று பிரிட்டிஷ் பிரதமர் ஹரால்ட் மக்மில்லன் கேப்டவுனில் பேசிய பேச்சு, ஆப்பிரிக்க நாடுகள் விடுதலையை நோக்கிப் போவதைக் காற்று என்றார்.

தேர்வுக்கு வராது, ஆனாலும் இதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. ‘விண்டோ’ என்ற சொல்லுக்குள்ளும் காற்று இருக்கிறது. வட ஐரோப்பாவின் பழைய நோர்ஸ் மொழியில் ‘விண்டவுகா’, காற்றின் கண். நாம் சொல்கிற ‘சன்னல்’ போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தது, அதற்கு முன்பு நம்மிடம் இருந்த சொல் காலதர். கால் என்றால் பழந்தமிழில் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரம் புகார் நகரத்து மாளிகைகளைச் சொல்லும்போது ‘மான்கண் காலதர்’ என்கிறது, மானின் கண் வடிவத்தில் அமைந்த காற்று வழி. வட ஐரோப்பியக் கடலோரத்து மக்களும் நம் கடலோர மக்களும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே வீட்டுச் சுவரில் ஓட்டை போட்டு, அதற்குக் காற்றையும் கண்ணையும் சேர்த்தே பேர் வைத்திருக்கிறார்கள். இதை முதன்முதலில் கவனித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

படிக்கிற முறைக்கு வருகிறேன். ஒரு நோட்டில் பாய், மூக்கு, மூச்சு என்று மூன்று பக்கம் ஒதுக்கு, எதிலும் சேராததை நான்காவது பக்கத்தில் போடு. பாய்ப் பக்கத்தை மட்டும் நீ தனியாக நிரப்பாதே, தாத்தாவிடம் உட்கார். கயிறு கைவிட்டுப்போனால் என்ன செய்வீங்க, இன்னொரு வத்தை காற்று வரும் பக்கமாக வந்து மறைத்தால் எப்படித் தப்புவீங்க, எதிர்காற்றில் கரைக்கு எப்படி வருவீங்க என்று ஒவ்வொன்றாகக் கேள். அவர் சொல்கிற வார்த்தையை மாற்றாமல் அப்படியே தமிழில் எழுதிக்கொண்டு, பக்கத்தில் ஆங்கிலச் சொற்றொடரை எழுது. ஷீட் என்கிற அந்தக் கயிற்றுக்குத் தங்கச்சிமடத்தில் என்ன பேர் சொல்வார்கள் என்றும் கேட்டு, எனக்கு ஒரு வரி எழுது.